பியானோ பழகினால் மணிக்கட்டு வலிக்கிறதா? விரலை விடுங்கள், முதலில் ச-க-ப-வைப் பாருங்கள்

அலுவலகத்தில் ஒரு பிறந்தநாள். கேக் வந்தாச்சு, மெழுகுவத்தி ஏற்றியாச்சு. மூலையில் ஒரு கீபோர்டு கிடக்கிறது. "நீங்கதான் ரெண்டு வருஷமா கிளாஸ் போறீங்களே, வாசிங்க" என்கிறார் ஒருவர். எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

நான் செய்ததைச் சொல்கிறேன். வலது கை தடவித் தடவி மெட்டைத் தேடியது. இடது கை மடியை விட்டு எழவே இல்லை. மூன்றாவது வரிக்குள் கூட்டம் என்னை விட்டுவிட்டுப் பாடி முடித்து, கேக்கும் வெட்டிவிட்டது. இத்தனைக்கும் நான் ஒரு கிரேடு தேர்வில் தேறியவன். மூன்று பாடல்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன். ஆனால் நான்கே வரிகள் கொண்ட 'ஹேப்பி பர்த்டே' வரவில்லை.

அந்த மூன்று பாடல்களுக்கும் ஒரு விலை கொடுத்திருந்தேன். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஒரு வலி வந்து உட்கார்ந்துகொண்டது. பியானோ முன்னால் மட்டுமல்ல, டிராக்பேடில் விரல் வைத்தாலும் சுருக்கென்றது. நாள் முழுக்க எக்செல் தாளோடும் கோடோடும் பிழைப்பு நடத்துபவனுக்கு இது பொழுதுபோக்குப் பிரச்சினை இல்லை, சம்பளப் பிரச்சினை.

பாட்டு வராதது ஒரு குறை, கை வலி வேறொரு குறை என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் குறைக்கு இன்னும் மனப்பாடம், இரண்டாவதற்கு வலி நிவாரணி ஜெல். இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள் என்று புரிய ஒரு வருடம் பிடித்தது. அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று தெரியாத கை இறுகிக்கொள்கிறது. இறுகிய கையால் எதையும் தேட முடிவதில்லை. முப்பது வயதுக்குப் பிறகு பியானோவோ கீபோர்டோ பழகத் தொடங்கியவர் நீங்கள் என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்கு.

இரண்டு வருடம் கற்றும் ஒரு பாட்டு ஏன் வரவில்லை?

இந்தியாவில் பல பியானோ வகுப்புகள் லண்டனில் இருந்து நடத்தப்படும் கிரேடு தேர்வுகளைச் சுற்றியே ஓடுகின்றன. 1889-ல் தொடங்கிய ஏபிஆர்எஸ்எம் அமைப்பின் மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்வோம். செய்முறைத் தேர்வுக்கு மொத்தம் 150. மூன்று பாடல்களுக்குத் தலா 30 வீதம் 90. ஸ்கேல்களுக்கு 21, முன்பின் பார்க்காத தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, காதால் கேட்டுச் சொல்வதற்கு 18. அதாவது 60 சதவீதம் முன்கூட்டியே தயார் செய்த பாடல்களுக்கு. 2020-ல் அறிமுகமான 'பெர்ஃபார்மன்ஸ்' வகைத் தேர்வில் நான்கு பாடல்களும், ஒட்டுமொத்த வாசிப்புக்கு ஒரு மதிப்பெண்ணும் மட்டுமே. மற்ற மூன்றும் அதில் இல்லை.

தேர்வைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எழுதிவைத்ததை எப்படி வாசிக்கிறீர்கள் என்று அளப்பது அதன் வேலை, அதைச் சரியாகவே செய்கிறது. ஆனால் இந்த இரண்டு வகையிலும் "இந்த மெட்டுக்கு இடது கையில் என்ன வாசிப்பாய்?" என்ற கேள்வி வருவதில்லை. ஹார்மனி பற்றிய பாடம் தியரித் தாளில் தனியாக இருக்கிறது. ஆறாம் கிரேடுக்குப் போகும்வரை அதைத் தள்ளிப்போடலாம். மாத இறுதியில் வேலை குவியும் நம்மைப் போன்றவர்கள் எதைத் தள்ளிப்போடுவோம் என்று சொல்ல வேண்டியதில்லை. (டிரினிட்டி தேர்வில் துணைச் சோதனைகளில் ஒன்றாக மனோதர்மமாக வாசிப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அதை எடுத்தவர் ஒருவரைக்கூட நான் நேரில் சந்தித்ததில்லை.)

யூடியூபில் மேலிருந்து கலர்க் கட்டங்கள் விழும் வீடியோக்கள் இன்னும் மோசம். எந்தக் கட்டை, எப்போது என்று மட்டும் அவை சொல்லும். ஏன் என்று சொல்லாது. போன் நம்பரை மனப்பாடம் செய்வது மாதிரிதான்: நடுவில் ஒரு இலக்கம் மறந்தால் முழு நம்பரும் போச்சு.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 18-ம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் நகரத்தின் இசைப்பள்ளிகளில், அநாதைச் சிறுவர்கள் உள்படப் பலருக்கும், முதலில் கையில் கொடுக்கப்பட்டது இடது கைக்கான ஒரு கீழ்ஸ்வர வரிசை மட்டும். மேலே என்ன வரலாம் என்பதை அவர்களே வாசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 'பார்ட்டிமெண்டோ' என்று அதற்குப் பெயர். சி.பி.இ. பாக் எழுதிய புகழ்பெற்ற கீபோர்டு பாடநூலின் இரண்டாம் பாகம் (1762) முழுக்கப் பக்கவாத்தியமாக வாசிப்பதையும், கற்பனையாக வாசிப்பதையும் பற்றியது. வாசிப்பும் ஹார்மனியும் அவர்களுக்கு ஒரே பாடம். 19-ம் நூற்றாண்டில் விரல் பயிற்சிப் புத்தகங்கள் பெருகியபோதுதான் இரண்டும் வேறு வேறு வகுப்பறைக்குப் போயின.

கார்ட் என்பது என்ன?

உங்களுக்கு ச ரி க ம தெரியும்தானே? அது போதும்.

கீபோர்டில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டை 'சி'. அதை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து வெள்ளைக் கட்டையிலேயே வரிசையாகப் போனால் ச ரி க ம ப த நி. மேற்கத்திய இசையில் இது மேஜர் ஸ்கேல், கர்நாடக இசையில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். (சின்ன வயதில் பாட்டு கிளாஸ் போனவர்கள் ஒரு நிமிடம் குழம்பலாம். நாம் படித்த சரளி வரிசை மாயாமாளவகௌளை. அதன் ரி-யும் த-வும் கறுப்புக் கட்டையில் இருக்கின்றன.)

இப்போது ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். ச-க-ப. மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அதுதான் சி மேஜர் கார்ட். அடுத்து ரி-ம-த. பிறகு க-ப-நி. ம-த-ச. ப-நி-ரி. த-ச-க. நி-ரி-ம. ஏழு ஸ்வரம், ஏழு கார்ட். இவற்றில் மூன்று (ச, ம, ப-வில் தொடங்குபவை) மேஜர், மூன்று (ரி, க, த) மைனர். கடைசியில் உள்ள நி-ரி-ம சற்றே முறுக்கிக்கொண்ட ஒலி, எங்காவது போய்ச் சேர்ந்தால் போதும் என்பது போலக் கேட்கும்.

நான் வாசிக்கத் திணறிய அந்தப் பிறந்தநாள் பாட்டுக்கு மொத்தம் எத்தனை கார்ட் தெரியுமா? மூன்று. ச, ப, ப, ச, ச, ம, ச, ப, ச. அவ்வளவுதான்.

எழுத்துப் பெயர்களை விட்டு ச-வில் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ச-வை வேறு கட்டைக்கு மாற்றினாலும் இந்த வரிசை மாறாது. பாடுபவர் 'நாலரைக் கட்டை' என்றால், ச அங்கே போய் உட்காரும், மற்றவை கூடவே வரும். (கட்டைக் கணக்கே ஆர்மோனியத்தில் இருந்து வந்ததுதான். ஒரு கட்டை சி, இரண்டு கட்டை டி, அரை வருவதெல்லாம் கறுப்புக் கட்டை.)

"ஐயையோ, இது தியரி" என்று தோன்றினால், நீங்கள் இதை ஏற்கெனவே காதால் படித்துவிட்டீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்.வி, இளையராஜா, ரஹ்மான் என்று மூன்று தலைமுறைத் திரைப்பாடல்களில் கார்ட்களைக் கேட்டு வளர்ந்த காது உங்களுடையது. பாட்டில் தவறான கார்ட் விழுந்தால் உங்களுக்கு உடனே தெரியும். அது எந்தக் கார்ட் என்ற பெயர் மட்டும்தான் பாக்கி.

ஒரு எச்சரிக்கை. சங்கராபரணம் என்று சொன்னதால் ராகத்தையே பியானோவில் வாசித்துவிடலாம் என்று அர்த்தமில்லை. இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழுக்கிப் போகும் கமகத்துக்கு பியானோவில் வழியே கிடையாது. நாம் கடன் வாங்குவது ஸ்வரங்களின் பெயரை மட்டும்.

42 அடி நடப்பதா, 12 அடி நடப்பதா?

இங்கேதான் ஹார்மனி கைக்குள் இறங்குகிறது. கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

ச கார்ட், ம கார்ட், ப கார்ட், மறுபடி ச கார்ட். உலகத்தில் ஆயிரக்கணக்கான பாடல்கள் இந்த மூன்றில் ஓடுகின்றன. புதிதாகக் கற்பவர்கள் ஒவ்வொரு கார்டையும் அதன் முதல் ஸ்வரத்தை அடியில் வைத்தே வாசிப்பார்கள்: ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி, மீண்டும் ச-க-ப. கறுப்பையும் சேர்த்து ஒரு கட்டையில் இருந்து பக்கத்துக் கட்டைக்குப் போவதை ஓர் 'அடி' என்று கொள்வோம். ச-வில் இருந்து ம-வுக்கு மூன்று விரலும் தலா 5 அடி, ஆக 15. ம-வில் இருந்து ப-வுக்குத் தலா 2, ஆக 6. ப-வில் இருந்து கீழே ச-வுக்குத் தலா 7, ஆக 21. மொத்தம் 42 அடி. அதிலும் முழுக் கையும் தாவுகிறது, கண் தாவும் இடத்தைத் துரத்துகிறது, தோள் தூக்கிக்கொள்கிறது.

இப்போது அதே ஸ்வரங்கள், அடுக்கு மட்டும் வேறு. ச-க-ப. அடுத்து ம கார்டை ச-ம-த என்று வாசியுங்கள். ச விரல் அசையவில்லை, க-வில் இருந்த விரல் ம-வுக்கு 1 அடி, ப-வில் இருந்தது த-வுக்கு 2. ஆக 3. அடுத்து ப கார்டை நி-ரி-ப என்று: 1, 3, 2, ஆக 6. மறுபடி ச-க-ப: 1, 2, 0, ஆக 3. மொத்தம் 12.

அதே பாட்டு, அதே மூன்று கார்ட், 42-க்குப் பதில் 12. கை ஓரிடத்தில் இருக்கிறது, விரல்கள் மட்டும் இடம் மாறுகின்றன. இப்படி அடுக்கை மாற்றுவதை இன்வெர்ஷன் என்கிறார்கள். என் வகுப்பில் இந்தச் சொல் தியரிப் புத்தகத்தில் ஒரு பயிற்சியாக வந்தது. சரியான விடைக்கு டிக் வாங்கினேன். அது என் மணிக்கட்டைக் காப்பாற்றும் விஷயம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் சில உறவுகள் ஒரே ஒரு விரல் தூரத்தில் இருக்கின்றன. ச-க-ப-வில் ப-வை மட்டும் த-வுக்கு நகர்த்துங்கள். ச-க-த. மகிழ்ச்சியாக இருந்த அறையில் யாரோ ஜன்னலை மூடியது போல ஒலி மாறும். அதுதான் த-வின் மைனர் கார்ட். அதேபோல ச-வை மட்டும் ஒரு அடி கீழே நி-க்கு இறக்கினால் நி-க-ப, அது க-வின் மைனர். மூன்று கார்ட்கள், நகர்ந்தது ஒவ்வொரு முறையும் ஒரு விரல். இதை இன்று இரவே வாசித்துப் பாருங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது.

512 ஸ்வரங்களா, 32 கார்ட்களா?

பாக் 1722-ல் தொகுத்த 'வெல்-டெம்பர்டு கிளேவியர்' முதல் புத்தகத்தின் முதல் பிரெலூட், சி மேஜர். நெட்டில் அதிகம் தேடிப் பழகப்படும் பாடல்களில் ஒன்று. மொத்தம் 35 பார்கள். முதல் 32 பார்களிலும் பாருக்கு 16 ஸ்வரம். கலர்க் கட்டங்களைப் பார்த்துப் பழகினால் 512 கட்டைகளை நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் ஒவ்வொரு பாரிலும் நடப்பது ஒன்றே: ஐந்து ஸ்வரம் கொண்ட ஒரு கார்ட், பிரித்துப் பிரித்து இரண்டு முறை வருகிறது. அப்படிப் பார்த்தால் மொத்தம் 32 கார்ட்கள். அடிஸ்வரத்தை மட்டும் கவனித்தால் முதல் நான்கு பார்கள் ச, ச, நி, ச. ச-வில் கிளம்பி, ரி கார்டுக்கும் ப கார்டுக்கும் எட்டிப் பார்த்துவிட்டு, வீடு திரும்புகிறது. நடுவில் கை தாவுவதே இல்லை. பாக் தன் விரல்களை நன்றாகவே கவனித்துக்கொண்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

மூளை இப்படிக் கட்டுக்கட்டாகத்தான் வேலை செய்கிறது. 1973-ல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் வெளியிட்ட சதுரங்க ஆய்வு பிரபலம். நிஜ ஆட்டத்தின் காய் நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய முழுதாக அடுக்கிவிடுவார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்துவைத்துக் காட்டினால், அவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நினைவாற்றல் கூடுதல் என்பதல்ல, அவர் தனித்தனிக் காய்களைப் பார்ப்பதில்லை. பியானோவில் அந்தக் 'கட்டு' கார்ட்தான். அடுத்த கார்ட் எது என்று ஒரு நொடி முன்னதாகத் தெரிந்துவிட்டால், கை அங்கே அவசரமில்லாமல் போய்ச் சேரும். தெரியாவிட்டால் கடைசி நொடியில் பாயும், பாயும்போது இறுகும்.

ஒரு முட்டையின் எடை

சரி, கார்ட் தெரிந்துவிட்டது. அப்புறமும் வலிக்கிறதே? எனக்கும் வலித்தது. காரணத்தைத் தேடி பியானோவின் வயிற்றுக்குள் போக வேண்டியிருந்தது.

பியானோ கட்டை ஒன்றை இறக்க ஏறக்குறைய 50 கிராம் போதும், ஒரு கோழிமுட்டையின் எடை. இறங்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர்தான். கட்டை இறங்கும்போது உள்ளே ஒரு சுத்தியல் மேலெழுகிறது. கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கட்டைக்கும் சுத்தியலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தனியாகப் பறக்கிறது. 1700-ஐ ஒட்டி ஃப்ளோரன்ஸில் பார்ட்டோலோமியோ கிறிஸ்டோஃபொரி உருவாக்கிய இந்த ஏற்பாடுதான் பியானோவையே பியானோ ஆக்கியது.

நமக்கு இதில் என்ன? ஒலியைத் தீர்மானிப்பது சுத்தியல் விடுபடும் நொடியில் இருக்கும் வேகம் மட்டுமே. அதற்குப் பிறகு கட்டையின் அடியில் போய் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி மாறாது. வீட்டில் உள்ள டிஜிட்டல் பியானோவும் அந்த வேகத்தைத்தான் சென்சாரில் அளக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அடிவரை அழுத்திப் பாருங்கள். சத்தமே வராது.

நான் செய்துகொண்டிருந்தது நேர் எதிர். ஒலி வந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முட்டை எடை போதும் என்ற இடத்தில் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டிருந்தேன், கடை மூடிய பிறகும். ஒரு கார்டை வாசித்துவிட்டு, கட்டை மேலே வராத அளவுக்கு மட்டும் கையில் மிச்சம் வைத்து மற்றதை விட்டுவிடுவதுதான் நான் கற்றுக்கொண்ட மிகப் பயனுள்ள ஒரே உடற்பயிற்சி. முதல் வாரம் நம்பிக்கையே வராது, ஏதோ ஏமாற்றுவது போலிருக்கும்.

மோதிரவிரல் சோம்பேறி அல்ல

உள்ளங்கையை மேஜையில் கவிழ்த்து வையுங்கள். நடுவிரலை மட்டும் உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். இப்போது மோதிரவிரலைத் தூக்குங்கள்.

வரவில்லை அல்லவா? விரல்களை இயக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன, விரலுக்கு வருவது நாண்கள் மட்டும். புறங்கையில் மோதிரவிரலின் நாண் பக்கத்து விரல்களின் நாண்களோடு குறுக்கு இழைகளால் கட்டப்பட்டிருக்கிறது. அதைத் 'தனியாக' எழும்பச் சொல்வது உடல் அமைப்போடு சண்டை போடுவது.

இருந்தும் 1873-ல் வெளியான சார்ல்ஸ்-லூயி ஹானனின் 60 பயிற்சிகள் இன்றுவரை எல்லா விரல்களுக்கும் சம வலு வரவைப்பதற்காக வாசிக்கப்படுகின்றன. விரலை நன்றாக உயர்த்தி வாசிக்கச் சொல்லும் புத்தகம் அது. அதற்குப் பல வருடங்கள் முன்பே ஷோப்பான் வேறு பக்கம் நின்றார். ஒவ்வொரு விரலும் வெவ்வேறு வடிவம், அந்த வேறுபாட்டைப் பயன்படுத்த வேண்டும், அழிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மாணவர்களுக்கு முதலில் சி மேஜரைக் கொடுக்காமல் ஐந்து கறுப்புக் கட்டைகள் கொண்ட பி மேஜரைக் கொடுத்தார். நீளமான விரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளிலும், குட்டையான கட்டைவிரல் வெள்ளையிலும் இயல்பாக விழும். தாளில் எளிதாகத் தெரியும் சி மேஜர், கைக்கு எளிதானதல்ல.

வலுவைத் துரத்தியதன் விலை எவ்வளவு என்பதற்கு இசை வரலாற்றில் சாட்சிகள் உண்டு. ராபர்ட் ஷூமான் 1830-களின் தொடக்கத்தில் வலது கை பாதிக்கப்பட்டு மேடைப் பியானோ கனவைக் கைவிட்டார். காரணம் என்ன என்பதில் இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை, ஆனால் விரல் பயிற்சிக்கு அவர் ஒரு கருவியைப் பயன்படுத்தினார் என்பது பதிவு. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷருக்கு 1964-ல், 36 வயதில், வலது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் தாமாக உள்ளே சுருளத் தொடங்கின. ஃபோக்கல் டிஸ்டோனியா என்ற நரம்புச் சிக்கல். சுமார் 30 வருடம் இடது கைக்கான இசையை வாசித்தும், நடத்துநராக நின்றும், பாடம் சொல்லிக் கொடுத்தும் காலம் தள்ளினார். போடாக்ஸ் ஊசியும் திசு தளர்த்தும் சிகிச்சையும் சேர்ந்து உதவ, 1990-களில் இரு கைகளோடு மேடைக்குத் திரும்பினார். 2004-ல் வந்த ஆல்பத்தின் பெயரே 'டூ ஹேண்ட்ஸ்'. அளவுமீறிய பயிற்சியைத்தான் அவர் பிற்காலத்தில் காரணமாகச் சொன்னார்.

தினம் அரைமணி நேரம் வாசிக்கும் நமக்கு ஃபிளைஷருக்கு நேர்ந்தது நேரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் நம் கணக்கில் அரைமணி நேரம் மட்டும் இல்லை. அதற்கு முன்னால் எட்டு ஒன்பது மணி நேரம் அதே நாண்கள் லேப்டாப்பில் தட்டியிருக்கின்றன. மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகிய குகை வழியாக ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை மடக்கினால் அங்கே அழுத்தம் கூடும். மடக்கியபடி காலையில் மெயில், மடக்கியபடி இரவில் ஷோப்பான்.

டைனிங் டேபிளை முதலில் மாற்றுங்கள்

பெங்களூரிலோ புனேயிலோ வாடகை வீட்டில் கீபோர்டு எங்கே இருக்கும்? டைனிங் டேபிளில், இல்லாவிட்டால் கட்டிலில். டேபிளின் உயரம் சுமார் 75 சென்டிமீட்டர். அதன்மேல் கீபோர்டின் உடம்பு ஒரு 10. ஆக, கட்டைகள் 85-ல். நிஜப் பியானோவில் கட்டைகள் சுமார் 73-ல் இருக்கும். ஒரு சாண் குறைவில்லாத வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அரைச் சாணுக்கு மேல். தோள் தூக்கி, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கி வாசிப்பீர்கள். கட்டிலில் வைத்துச் சம்மணமிட்டால் முதுகு வளைந்து, கழுத்து முன்னால் போகும்.

முழங்கை கட்டைகளின் மட்டத்திலோ ஒரு விரற்கடை மேலேயோ இருக்க வேண்டும். ஒரு மடிப்பு ஸ்டாண்டும், உயரம் மாற்றக்கூடிய அலுவலக நாற்காலியும் போதும் (கைப்பிடி இல்லாதது நல்லது). நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள், பாதம் தரையில் முழுதாகப் படியட்டும். "கிளென் கூல்ட் தரையோடு தரையாக உட்கார்ந்துதானே வாசித்தார்?" என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான், அவர் அப்பா மாற்றிக் கொடுத்த நாற்காலியின் உயரம் 14 அங்குலம். 1977-ல் அவருக்கும் கையில் சிக்கல் வந்து மாதக்கணக்கில் டைரி எழுதிப் போராடினார் என்பதையும் பதிலாகச் சொல்லலாம்.

சின்னக் கை உள்ளவர்களுக்கு இன்னொன்று. பியானோவில் ஓர் ஆக்டேவின் அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். இந்த அளவு 19-ம் நூற்றாண்டின் மேடைக் கலைஞர்கள் காலத்தில் நிலைத்தது. எட்டவில்லை என்றால் குறை கையில் இல்லை. இழுத்து இழுத்துப் பழக்காதீர்கள். இங்கேயும் ஹார்மனிதான் கைகொடுக்கும். ஒரு கார்டில் எந்த ஸ்வரத்தை விடலாம் என்று தெரிந்தவருக்கு விரிக்க வேண்டிய அவசியம் குறைவு. ச-க-ப-வில் ப-வை விட்டுவிடலாம், ச-க மட்டுமே அது மேஜர் என்று சொல்லிவிடும். க-வை விட்டால்தான் மேஜரா மைனரா என்று தெரியாமல் போகும். மேலும் கீழும் இரட்டிக்கும் ச-க்களையும் தயங்காமல் உதறலாம்.

தினம் இருபது நிமிடம் இருந்தால்?

எனக்கு வேலை செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு வாரம் முழுக்க ஒரே ச. மேலே சொன்ன 12 அடிப் பாதையைக் கட்டைகளைப் பார்க்காமல், மிக மெதுவாக. ஒவ்வொரு கார்டிலும் ஒலி வந்ததும் கையை விடுவது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

பிறகு உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டைப் போட்டு, கார்டை விடுங்கள், அதன் அடிஸ்வரத்தை மட்டும் இடது கையின் ஒரே விரலில் தேடுங்கள். ச, ம, ப, த. முக்கால்வாசி இடங்களில் இந்த நான்கில் ஒன்று பொருந்தும். தப்பாகும்போது காது சொல்லும். அடிஸ்வரம் பிடிபட்டபின் கார்டைச் சேர்ப்பது சின்ன வேலை. இதில் தினம் பத்து நிமிடம் போகட்டும்.

மிச்ச நேரம் விளையாட்டு. மூன்று கறுப்புக் கட்டைகளில் முதலாவதை ச-வாக வைத்து, கறுப்பில் மட்டுமே வலது கையை உலவவிடுங்கள். அது மோகனத்தின் ஸ்வரங்கள், தப்பான கட்டையே கிடையாது. இடது கையில் ச-வும் ப-வும் மட்டும் (ப-வும் கறுப்புதான்). கை கட்டைகளின் மேல் எப்படித் தளர்வாகக் கிடக்கும் என்பதை நான் உணர்ந்தது ஸ்கேல் பயிற்சியில் அல்ல, இதில்தான்.

அடுத்த வாரம் ச-வை இடம் மாற்றுங்கள். கிரேடு பாடல்களை விட வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால் ச, ம, ப என்று எழுதிக்கொண்டே வாசியுங்கள்.

வலி விஷயத்தில் மட்டும் வீரம் வேண்டாம். "வாசிச்சு வாசிச்சே சரியாயிடும்" என்று என்னிடமும் சொன்னார்கள். ஆகவில்லை, இன்னும் மோசமானது. வாசிக்கும்போது வலி வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள். மரத்துப்போதல், விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு, தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பிடிமானம் குறைதல், இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போங்கள். போகும்போது எத்தனை மணி நேரம் தட்டச்சு, எத்தனை நிமிடம் வாசிப்பு என்று எழுதிக்கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும். நான் மூன்று வாரம் பியானோவைத் தொடவில்லை. தொட்டபோது நாற்காலியை ஏற்றியிருந்தேன்.

இந்த வருடம் மறுபடி ஒரு பிறந்தநாள், அதே கீபோர்டு. நான் தயாராக ச-வை சி-யில் வைத்துக் காத்திருந்தேன். கூட்டம் யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு வேறு எங்கோ தொடங்கிவிட்டது. அந்தப் பாட்டு ப-வில் தொடங்கும் என்பது தெரியும் என்பதால், அவர்கள் எடுத்த ஸ்வரத்தில் இருந்து ஐந்து அடி மேலே போய் ச-வைத் தேடினேன். நாலரைக் கட்டை. இரண்டாம் வரியின் கடைசியில் இடது கை போய்ச் சேர்ந்தது. பெயர் சொல்லும் இடத்தில் வரும் ம கார்ட் சரியாக விழுந்தது. கடைசி ப-வில் ஒரு விரல் தப்பு, அதற்குள் கைதட்டிவிட்டார்கள்.